முதல் கை

முதலில் அது ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது. மார்கழி மழை சற்று விட்டிருந்த இருள் கவிகிற ஒரு மைம்மல் பொழுதில், ஓட்டு விளிம்பிலிருந்து வழிகிற தண்ணீர் வாழையடியில் சொட்டுகிற ஓசையும் கிணற்றடித் தவளைகளின் இரைச்சலும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மருந்து கலந்து கொடுக்கிற அப்போத்திக்கரி மார்க்கண்டு விறாந்தை வாங்கில் மேலுக்குச் சட்டையில்லாமல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மனைவி மகாதேவி காலிலும் கழுத்திலும் பட்டுப் பட்டென்று அடித்துக்கொள்வது கேட்டது. அவருக்கு அடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. நுளம்புகள் வரத்தான் செய்தன. காதருகில் இரைந்தன, தோளுக்கு ஒரு சாண் மேலே நின்று தயங்கின, பிறகு திரும்பி வீட்டுக்குள் போயின.

“உங்களை மட்டும் ஏன் விட்டிட்டுதுகள்?” என்று மகாதேவி வாசலுக்கு வந்து கேட்டாள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொள்ள ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. “ரத்தம் புளிச்சுப் போச்சோ?”

மார்க்கண்டு சிரித்தார். ஆனால் கையிலிருந்த மூக்குப்பேணியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வருடமாக நுளம்புக்குச் சாப்பாடு போடுவதே அவருடைய உத்தியோகம். அவருடைய கையைக் கண்டால் அவை எப்படி விழுந்து மொய்க்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஜாவாவை யப்பான்காரன் பிடித்ததோடு மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா வருவது நின்றுபோயிருந்தது. பர்மாக் காட்டுப் பக்கம் போன பட்டாளத்தில் குண்டு பட்டு விழுந்தவர்களைவிட மலேரியாவில் விழுந்தவர்கள் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். கொயினாவுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் குளிசை வந்தது. அதை எந்த அளவில் கொடுத்தால் சிப்பாயைக் காய்ச்சல் அண்டாது என்று பார்க்கத்தான், விமானத் திடலுக்கு அப்பால் மயிலிட்டிக் கடலைப் பார்த்து நின்ற ஒரு பழைய பண்டகசாலையைப் பட்டாளத்து வெள்ளைக்கார டொக்டர் துரை ஒருவர் எடுத்திருந்தார். அதற்குள் தட்டுத் தட்டாக நுளம்புக் கூடுகள். காய்ச்சல்காரனின் ரத்தத்தைக் குடித்த நுளம்புகள் இருக்கிற கூட்டில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருக்கும். குளிசை விழுங்கிய சிப்பாய்கள் மட்டுமே அதில் கை வைப்பார்கள். மற்றவை முட்டையிலிருந்தே வளர்த்த சுத்தமான நுளம்புகள். அவை மேலும் முட்டையிட வேண்டுமென்றால் அவற்றுக்கும் மனித ரத்தம் வேண்டும். அந்த ரத்தத்தைக் கடற்கரைப் பெண்கள் தந்தார்கள். சண்டையால் வள்ளங்கள் நினைத்த நேரத்துக்குக் கடலுக்குப் போக முடியாத காலம் அது. கூட்டின் வாயில் இழுத்துக் கட்டிய வலைமேல் முன்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தால் அரிசி கிடைத்தது.

துரைக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கூட்டை எடுத்துக் கொடுப்பவன் முதலில் தன் கையை அதன்மேல் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்கள். கூடு மாறினால் மாற்றியவன் கையிலேயே அது தெரியட்டும் என்பது அவருடைய நியாயம். அங்கே கூடு எடுத்துக் கொடுப்பவர் மார்க்கண்டு; அவருடைய கைதான் தினமும் முதல் கை.

சின்னத்தங்கம் அப்படி வந்தவர்களில் ஒருத்தி. மயிலிட்டியில் ஏரம்பு என்ற கடற்றொழிலாளியின் மனைவி. மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பார்கள். அவள் கையை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “கடிக்கிறதே தெரியேல்லை ஐயா,” என்பாள். “வீட்டிலை இவர் கதைக்கிறதிலும் பார்க்க இதுகள் இரையிறது காதுக்குச் சுகம்.”

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. மார்க்கண்டு அந்த முறை காப்புக் கட்டி, மிளகும் தண்ணீருமாக விரதம் பிடித்தார். கலியாணமாகி எட்டு வருடம் கழித்து மகாதேவி பிள்ளைத்தாச்சியாகியிருந்தாள். அந்தப் பிள்ளைக்காகத்தான் அந்த விரதம். காப்புக் கட்டிய உடம்பை ரத்தம் குடிக்கிற பூச்சிக்குக் கொடுப்பதாவது என்று அவரே கேள்வி கேட்டு அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். காப்பு இருந்தது வலது கையில். இடது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. கிணற்றில் தோய்ந்து திருநீறு பூசியவர் அந்த அறைக்குள் கால் வைக்கவும் மனமில்லாமல் வாசலில் நின்றபடியே காப்புக் கட்டிய கையால் சுட்டிக்காட்டினார்.

“உந்தத் தட்டின்ரை கரையிலை இருக்கிற கூடு, சின்னத்தங்கம். எடுத்து வைச்சுக்கொள்ளும்.”

“ஐயா கை வைக்கேல்லையோ?”

“நான் விரதம்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். முதல்நாள் இரவு கூரை ஒழுகியதால் யாரோ கூடுகளை இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். அடுத்த நாள் காலை ஆள் வருமுன் மார்க்கண்டு தற்செயலாக எட்டிப் பார்த்தபோது, அந்தக் கரைக் கூட்டில் நுளம்புகள் வயிறு முட்டக் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தூங்கின. கூட்டின் பின்பக்கம் சிவப்புச் சீலை தொங்கியது.

அவர் அந்தக் கூட்டை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

அன்றைக்கே அவளுக்கு மஞ்சள் குளிசையைக் கொடுத்திருக்கலாம். காய்ச்சல் வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் குளிசை தின்றவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் துரை கேட்பார். யார் முதல் கை வைத்தது என்று கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்கிறது. மறைக்கலாம் என்று மார்க்கண்டு கண்டார். ஏரம்பு படலையில் வந்து நின்று, “ஐயா, அவவுக்கு நடுக்கமும் காய்ச்சலுமாய்க் கிடக்கு,” என்று சொன்னபோது, “மழைக்குளிர் பிடிச்சிருக்கும்,” என்று சொல்லிச் சாதாரணக் காய்ச்சல் கலவையில் ஒரு போத்தல் கொடுத்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் காய்ச்சல் தலைக்கேறி அவள் செத்துப்போனாள். செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை. மகாதேவி பிள்ளைத்தாச்சி, துடக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லியனுப்பியபோது வந்த வெட்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தது. குளிக்கும்போது இருந்தது. திருநீற்றை எடுக்கும்போது விரல் கூசியது.

நுளம்புகள் அவரை விட்டு விலகியது அதற்குப் பிறகுதான்.

ஒரு மத்தியானம் பண்டகசாலையில் ஆளில்லாத நேரம் பார்த்து மார்க்கண்டு ஒரு சுத்தமான கூட்டின் வலைமேல் கை வைத்துப் பார்த்தார். வெளியே காற்றில் தென்னோலை அடித்துக்கொண்டது. தூரத்தில் ஒரு விமானம் திடலில் இறங்கி ஓடி நின்றது. கூட்டுக்குள்ளே பட்டினி கிடந்த நுளம்புகள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பின. எழும்பி, கீழ்த்தட்டின் எதிர்மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கிக்கொண்டன. கையை எடுத்தார். அவை திரும்பிப் பரவின. வைத்தார். ஒதுங்கின. பெரிய மனிதர் வருகிறாரென்று ஒழுங்கையில் ஒதுங்கி நிற்கிற சனங்கள் மாதிரி இருந்தது அது. அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் ஒரு மணம் நின்றது. கருவாடும் உப்புத் தண்ணீரும் கலந்த, வெயிலில் காய்ந்த வலையின் மணம். அவர்களோ சைவம். அந்தக் குசினியில் முட்டைகூட ஏறியதில்லை.

“ஆர் உது பக்கத்திலை மச்சம் காய்ச்சுறது?” என்று மகாதேவி மூக்கைச் சுருக்கினாள். பக்கத்தில் ஒரு வீடும் இல்லை, புகையிலைத் தோட்டம்தான். யன்னல்களைச் சாத்தினார்கள். மணம் உள்ளேதான் இருந்தது. பொழுது சாயச் சாய அது அறைக்கு அறை நகர்ந்து, கடைசியில் மகாதேவி படுக்கிற கட்டிலருகில் போய் நின்றுவிட்டது.

சோறு போட அவள் குனிந்தபோதுதான் மார்க்கண்டு அதைக் கண்டார். அவளுடைய இடது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, சிவந்த தடிப்புகள். வேறெங்கும் இல்லை. அந்த இடத்தில் மட்டும். நாலு மூலையும் அளந்து வெட்டியது போல ஒரு சதுரம். கூட்டின் வாய் எவ்வளவோ அவ்வளவு.

“இதென்ன?”

“நுளம்புதான். படுக்கேக்கை கை வலைக்கு வெளியாலை போகுது போலை.” அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “நோகேல்லை. கடிக்கிறதே தெரியேல்லை.”

மார்க்கண்டு சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அன்றிலிருந்து அவர் செய்யாதது இல்லை. நுளம்பு வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினார். சிப்பாய்களுக்குப் பூசிப் பார்க்கிற எண்ணெயைப் பண்டகசாலையிலிருந்து கொண்டுவந்து அவள் கையில் தடவி, அதற்குமேல் சீலை சுற்றிக் கட்டினார். விடிந்து பார்த்தால் சீலை அவிழ்ந்து, ஒழுங்காக மடிக்கப்பட்டு, தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவிழ்க்கவில்லை என்றாள் மகாதேவி. சதுரத்துக்குள் தடிப்புகள் நெருங்கியிருந்தன. மஞ்சள் குளிசையைத் தூளாக்கிப் பாலில் கலந்து கொடுத்தார். அவள் அப்படியே வாந்தியெடுத்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. துரையின் புத்தகங்களிலும் இல்லை. சிப்பாய்கள் பிள்ளை பெறுவதில்லை.

சத்தம் இப்போது பகலிலும் கேட்டது. மெல்லிய, விடாத இரைச்சல். அது ஒருபோதும் தலைக்கு மேலே இல்லை. எப்போதும் இடுப்பு உயரத்தில், ஒருவர் உட்கார்ந்து கையை நீட்டி வைத்திருந்தால் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் இருந்தது. மகாதேவி நடக்கும்போது அது கூட நடந்தது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். தன்னைச் சுட்டால் மார்க்கண்டு தாங்கியிருப்பார். அது அடுத்த கட்டிலைச் சுட்டது. எட்டு வருடத் தவத்தைச் சுட்டது. ஏரம்புவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அடித்தால் அடிக்கட்டும். துரையிடம் சொன்னால் சொல்லட்டும். மானம் போனாலும் பிள்ளை தப்பட்டும்.

பின்னேரம் மழையிலேயே மயிலிட்டிக்கு நடந்தார். ஏரம்பு கொட்டிலுக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் துள்ளி எழும்பித் தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டினான்.

“ஐயா, இந்த மழைக்குள்ளை வந்தியளோ? சொல்லியனுப்பியிருந்தால் நான் வந்திருப்பனே.”

“ஒண்டுமில்லை. சும்மா.” மார்க்கண்டு நனைந்த குடையை மடக்கினார். “உம்மட்டை ஒரு விசயம் கதைக்க வேணும்.”

“கதையுங்கோ ஐயா. ஆனால் முதல் நான் ஒண்டு சொல்ல வேணும்.” ஏரம்பு நிலத்தைப் பார்த்தான். “செத்தவீட்டுக்கு நீங்கள் வரேல்லை எண்டு எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. வீட்டிலை பிள்ளைத்தாச்சி. நீங்கள் தந்த மருந்தாலைதான் அவ கொஞ்ச நாள் எண்டாலும் கிடந்தவ. அதை மறக்கமாட்டன்.”

மார்க்கண்டு குடையை மறுகைக்கு மாற்றினார்.

“கடைசியிலை நினைவு தப்பினாப் பிறகும் இடக்கையை நீட்டி நீட்டி வைச்சவ, ஐயா. இழுத்துப் போர்த்தாலும் திரும்ப நீட்டுவா. கேட்டால், ‘ஐயா விரதம். ஐயாவின்ரை வீட்டிலை பிள்ளை பிறக்கப் போகுது. அவரின்ரை முறையையும் நானே வைக்கிறன்’ எண்டா.” ஏரம்பு லேசாகச் சிரித்தான். “காய்ச்சலிலையும் அவவுக்கு வேலைதான் நினைப்பு. நீங்கள் என்ன கதைக்க வந்தனீங்கள்?”

கொட்டிலின் கூரையில் மழை இரைந்தது. சொல்ல வேண்டியது நாக்கின் அடியில் இருந்தது. ஏரம்புவின் முகத்தில் நன்றி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. அடிக்க வருகிறவனிடம் சொல்லியிருப்பார்.

“அரிசி ஏதும் தேவையோ எண்டு கேக்க வந்தனான்,” என்றார் மார்க்கண்டு.

“வேண்டாம் ஐயா. நீங்கள் கேட்டதே போதும்.”

திரும்பி நடக்கும்போது அவர் குடையை விரிக்கவில்லை. மழை அடிப்பது அவருக்கு வேண்டியிருந்தது. ஒழுங்கையில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. இரு கரையும் பனைகள் கறுத்து நின்றன. வெள்ளத்தில் எங்கும் நுளம்பு கிளம்பியிருந்தது. எதிரே தட்டுப்பட்ட ஒரு மாட்டின் முதுகு முழுக்க அவை அப்பியிருந்தன. அவர் கடந்துபோனபோது மாட்டின் இந்தப் பக்கத்திலிருந்தவையும் எழும்பி அந்தப் பக்கம் போயின. அவர் ஓடத் தொடங்கினார்.

படலை திறந்து கிடந்தது.

மைம்மலாகியும் வீட்டில் லாம்பு ஏற்றியிருக்கவில்லை. இருட்ட முன் விளக்கு வைக்காமல் மகாதேவி ஒருநாளும் இருந்ததில்லை. விறாந்தையில் ஏறியபோதே அந்தச் சத்தம் கேட்டது. தவளையை மீறி. மழையை மீறி. சுவருக்குள்ளே யாரோ கம்பியை இழுத்துவிட்ட மாதிரி ஒரே இரைச்சல். மணம் முகத்தில் அடித்தது. கருவாடு. உப்பு. காய்ந்த வலை.

“மகாதேவி.”

“மெல்லக் கதையுங்கோ.” குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. சாவதானமான குரல். “இதுகள் குழம்பி எழும்பிடுங்கள்.”

அவள் நிலத்தில் சம்மணமிட்டிருந்தாள். முன்னால் முக்காலி. முக்காலியில் அவளுடைய இடது கை, உள்பக்கம் மேலே பார்க்க, நீட்டி வைக்கப்பட்டிருந்தது. முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. யன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. இருட்டும் மழையும்தான்.

“என்ன செய்யிறீர்?”

“கை வைக்கிறன்.”

“ஆர் சொன்னது?”

அவள் நாடியால் முக்காலியின் மறுகரையைக் காட்டினாள். “ரண்டு பேர் வைச்சால் கெதியாய் முடிஞ்சிடுமாம்.”

மறுகரையில் யாரும் இல்லை. பாய் இருந்தது. பாய் நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது.

அவர் தடவித் தடவிப் போய் அவள் நெற்றியைத் தொட்டார். கொதித்தது. கழுத்து. கொதித்தது. வயிற்றில் கையை வைத்தார். உள்ளே பிள்ளை புரண்டது. இன்னும் புரண்டது.

“எழும்பும். எழும்பும் மகாதேவி.” அவள் தோளைப் பிடித்து இழுத்தார். உடம்பு வந்தது. கை வரவில்லை. யாரோ பிடித்திருந்தார்கள்.

நெருப்புப்பெட்டி நனைந்திருந்தது. ஒரு குச்சி. அணைந்தது. இன்னொன்று. பற்றியது. அதை லாம்பின் திரிக்குக் கொடுத்தார். வெளிச்சம் மெல்ல ஏறியது.

மகாதேவியின் முன்கையில் தோல் தெரியவில்லை. கறுப்பாக மொய்த்திருந்தன. அசையவில்லை. குடித்துக்கொண்டிருந்தன.

அதற்கு எதிரே, முக்காலியின் மற்றக் கரையிலிருந்து, நுளம்புகள் இன்னொரு வரிசையாக உட்கார்ந்திருந்தன. முக்காலியின்மேல் அல்ல. பலகைக்கு மேலே, வெறுங்காற்றில். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் தொடங்கி, மணிக்கட்டில் ஒடுங்கி, உள்ளங்கையாக விரிந்து, ஐந்து விரலாகப் பிரிந்து, அந்த ஐந்து விரலும் மகாதேவியின் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. இறுக்கமாக இல்லை. புதிதாக வந்தவளைப் பழக்குகிறவள் பிடிப்பது போலத்தான். இடைவெளிகளில் பலகை தெரிந்தது. கீழே ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வயிறும் சிவந்து, பருத்து, லாம்பு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு வந்தது.

“சின்னத்தங்கம்,” என்றார் மார்க்கண்டு.

இரைச்சல் நின்றது. 

சொல்ல வேண்டியதை அவர் சொல்லப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. முழங்காலில் விழுந்தார். நனைந்த சட்டைக் கையைப் பல்லால் இழுத்து மேலே ஏற்றினார். வலது கையைக் கொண்டுபோய் இரண்டு கைகளுக்கும் நடுவே, உள்பக்கம் மேலே தெரிய வைத்தார். 

“என்னட்டை வாருங்கோ. என்னட்டை.”

நுளம்புகள் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டன.

மகாதேவி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் வெளுத்துக்கொண்டு வந்தன. முக்காலியில் மூன்று கைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று கறுத்திருந்தது. ஒன்றில் நுளம்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. அவருடையதில் ஒன்றுகூட உட்காரவில்லை.